மில்லிமீற்றர் அண்ணையின் இறைச்சி உருண்டை

டென்மார்க் மண்ணில் இதுவரை உருட்டப்பட்ட இறைச்சி உருண்டைகளில் ஆகத் திறமானவற்றை உருட்டியவர், பிறந்த நாளிலிருந்து இறைச்சியை நாக்கில் வைக்காத ஒரு மனிதர். இதை நான் எந்தச் சபையிலும் எழுந்து நின்று சொல்வேன். சுவீடனிலிருந்து நாலு சமையல்காரரைக் கூட்டி வந்து முன்னால் இருத்தினாலும் சொல்வேன்.

அவருடைய சொந்தப் பெயர் விண்ணப்பப் படிவங்களில் மட்டும் இருந்தது. எங்களுக்கு அவர் மில்லிமீற்றர். முகத்துக்கு நேரே மில்லிமீற்றர் அண்ணை. அந்தப் பெயரில் அவருக்குக் கோபம் இருக்கவில்லை. "சென்ரிமீற்றர் எண்டு வைச்சிருந்தியள் எண்டால்தான் எனக்கு மானக்கேடு" என்று ஒருநாள் சொன்னார்.

யாழ்ப்பாணத்தில் அரசாங்கப் படவரைஞராக இருந்தவர். மதகுக்கும் பாலத்துக்கும் படம் கீறிய கை. நாட்டை விட்டு ஓடி வந்தபோது நாங்களெல்லாம் சான்றிதழ், சங்கிலி, ஊறுகாய்ப் போத்தல் என்று கொண்டுவந்தோம். அவர் கொண்டுவந்தது ஒரு வேணியர் இடுக்கி. பள்ளிக்கூட ஆய்வுகூடத்தில் சின்னக் குண்டின் விட்டத்தை அளக்கத் தருவார்களே, இரண்டு தாடை வைத்த அந்த உருக்குச் சாமான். விமான நிலையத்தில் ஓர் அதிகாரி அதை ஏதோ ஆயுதம் என்று நினைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாராம். அண்ணை அதிகாரியின் பேனாவை வாங்கி, இடுக்கியில் கவ்வவைத்து, அளவைக் கடதாசியில் எழுதிக் கொடுத்தாராம். அதிகாரி எழுந்து நின்று கைகொடுத்ததாகச் சேவியர் சொல்வான். சேவியர் அப்போது அங்கே இல்லை என்பது வேறு விசயம்.

சேவியர் மட்டக்களப்பான். அண்ணை, அவன், நான் என்று மூன்று பேரும் பிரெடெரிசியா என்ற ஊரில் மூன்றாம் மாடி வீடொன்றில் இருந்தோம். காலையில் டெனிஷ் பாடம், பின்னேரம் எனக்கும் சேவியருக்கும் கூட்டித் துடைக்கும் வேலை. அண்ணைக்கு வீட்டில்தான் வேலை. கறுத்தப் பாண் ரொட்டியை எட்டு மில்லிமீற்றர் தடிப்பில் வெட்டுவார். சேவியர் சரிவாக வெட்டிய பாணை அவர் சாப்பிடமாட்டார். அதைப் பார்த்துக்கொண்டிருக்கவும் மாட்டார். மாரியில் காலையில் எழும்பியதும் யன்னல் விளிம்பில் விழுந்த பனியை அளந்து, "முப்பத்தாறு" என்று எங்களுக்கு அறிவித்த பிறகுதான் தேத்தண்ணி. இந்த நாட்டைப் பற்றி நாங்கள் குளிர், இருட்டு, உப்பில்லாத சாப்பாடு என்று ஆயிரம் குறை சொல்வோம். அவர் மட்டும் சொன்ன நேரத்துக்கு வந்து நிற்கும் பஸ்ஸைப் பார்த்து உருகிப்போவார்.

"தம்பி, எனக்கு முன்னமே ஆரோ இஞ்சை வந்து எல்லாத்தையும் அளந்து வைச்சிருக்கினம்" என்பார்.

அவரால் அளக்க முடியாத தூரத்தில் இருந்தவர்கள் இரண்டு பேர். நாங்கள் அக்கா என்று சொல்லும் அவருடைய மனைவியும் ஒரே மகள் துளசியும். கொழும்பில் ஒரு லொட்ஜ் அறையில் இருந்துகொண்டு, டென்மார்க் எப்போது கூப்பிடும் என்று காத்திருந்தார்கள். அண்ணை பிரிந்து வந்தபோது துளசிக்கு ஐந்து வயது, உயரம் ஆயிரத்து எண்பது மில்லிமீற்றர். மாதம் ஒரு கடிதம் வரும். கடிதத்துக்குள் மடித்தபடி ஒரு நூல் இருக்கும். பிள்ளையைச் சுவரோடு நிற்கவைத்து, குதிக்காலிலிருந்து உச்சந்தலை வரை பிடித்து, வெட்டி அனுப்பும் நூல். ஏற்பாடு அண்ணையுடையது. இழுபடாத தையல் நூல்கட்டையும் அவரே வாங்கிக் கொடுத்துவிட்டு வந்திருந்தார்.

"ஏன் அண்ணை, அக்காவை அளந்து எழுதச் சொன்னால் போதாதோ?" என்று ஒருமுறை கேட்டேன்.

"ஆக்கள் அளந்தால் கை ஆடும், கண் ஏமாத்தும். நூல் பொய் சொல்லாது."

நூலை இரண்டு விரலால் எடுத்து, குசினிக் கதவு நிலையில் வைத்துப் பிடித்து, பென்சிலால் ஒரு கோடு கீறி, பக்கத்தில் திகதி போடுவார். அந்தக் கதவு நிலைதான் அவருக்கு மகள். நாங்கள் குசினிக்குள் போகும்போது அதில் தோள் முட்டாமல் சற்று ஒதுங்கித்தான் போவோம். யாரும் எங்களை அப்படிச் செய்யச் சொல்லவில்லை.

அந்த வருடங்களை அறிந்தவர்களுக்கு மிச்சம் தெரியும். எங்கள் ஆட்களின் மனைவி பிள்ளைகளுக்காகப் போட்ட விண்ணப்பங்கள் கோபன்ஹேகனில் போய் ஓர் அலுமாரியில் படுத்துக்கொண்டன. மேலிடத்தில் சொல்லித்தான் படுக்கவைத்தார்கள் என்பதும், சட்டப்படி அப்படிச் செய்யக்கூடாது என்பதும் பிறகுதான் வெளியே வந்தது. அதுவே பின்னர் தமிழர் வழக்கு என்று பெயர் எடுத்து, ஓர் அரசாங்கத்தையே வீட்டுக்கு அனுப்பியது. அப்போது எங்களுக்கு அதெல்லாம் தெரியாது. சில மாதங்களுக்கு ஒருமுறை ஒரே கடிதம் வரும்: உங்கள் விடயம் பரிசீலனையில் இருக்கிறது. அண்ணை அந்தக் கடிதத்தையும் அளந்து பார்த்தார். "நாலு பக்கமும் ஓரம் சரியா விட்டிருக்கிறாங்கள். விசயந்தான் பிழை" என்றார்.

காத்திருப்பதை அவர் தாங்கிக்கொண்டார். கதவு நிலையைத்தான் தாங்கமுடியவில்லை. கோடுகள் ஒன்றையொன்று முட்டிக்கொண்டு நின்றன. முதல் இரண்டு நூல்களும் ஒழுங்காக ஏறின. அதற்குப் பிறகு மாதத்துக்கு இரண்டு மில்லிமீற்றர், ஒன்றரை மில்லிமீற்றர். ஒரு நூல் முந்தினதைவிட ஏறவே இல்லை.

"பிள்ளை வளரேல்லை, தம்பி" என்றார். "லொட்ஜ் சாப்பாடு. ஒரு அறைக்குள்ளை கிடக்கிற பிள்ளை என்னெண்டு வளரும்?"

"அக்காவுக்கு எழுதிக் கேளுங்கோவன்."

"எழுதினால் அவள் பயப்பிடுவாள். அங்கை தனியக் கிடந்து பயப்பிட்டு என்ன செய்யிறது."

இந்த நிலைமையில்தான் கிர்ஸ்ரன் எங்கள் வீட்டுக்கு வந்தார். கிர்ஸ்ரன் நகரசபையில் எங்களைப் போன்றவர்களின் காரியங்களைப் பார்க்கும் பெண்மணி. பரிசீலனைக் கடிதங்களை எங்களுக்கு நிறுத்தி நிதானமாக வாசித்துக் காட்டுபவர். நல்ல மனுசி. ஆனால் எங்களுக்கு முதலில் தெரிந்தது மனம் அல்ல, உயரம். எங்கள் குசினி வாசலில் தலையைச் சற்றுக் குனிந்து நுழைந்த முதல் ஆள் அவர்தான். அண்ணையின் கண் அப்படியே மேலே போய் நின்றது.

"அளக்கலாமா?" என்று டெனிஷில் கேட்டார். இரண்டு வருடப் படிப்பில் அவர் பிழையில்லாமல் பேசிய முதல் வசனம் அது.

கிர்ஸ்ரன் சிரித்துக்கொண்டு நிலையோடு சாய்ந்து நின்றார். ஆயிரத்து எண்ணூற்று நாற்பத்து மூன்று. துளசியின் கோடுகளுக்கு எதிர்ப்பக்கத்து நிலையில் ஒரு கோடு ஏறியது. அடுத்த கேள்வி: சின்ன வயதில் என்ன சாப்பிட்டீர்கள்?

தன் அம்மா சுவீடன்காரி என்றும், ஞாயிற்றுக்கிழமை தவறாமல் இறைச்சி உருண்டையும் கிரீம் சோஸும்தான் என்றும், நாலு சகோதரங்களும் அதைச் சாப்பிட்டுத்தான் வளர்ந்தோம் என்றும் கிர்ஸ்ரன் சொன்னார். மற்ற மூன்று பேரும் எவ்வளவு உயரம் என்று அண்ணை கேட்டார். எல்லோரும் தன்னைவிட உயரம் என்று அவர் சொன்னார்.

அதோடு தீர்ந்தது; துளசி வந்து சேர்வதற்குள் அந்த உருண்டையைப் பிசகில்லாமல் செய்யப் பழகிவிடுவது என்று முடிவு. அண்ணை கொப்பியைத் திறந்தார். கிர்ஸ்ரன் சொல்லச் சொல்லச் செய்முறை முழுவதையும் அச்செழுத்துப் போலக் குறித்துக்கொண்டார். இது எதற்கு என்று கிர்ஸ்ரன் கேட்டபோது, நான் அந்த நூல் கதையைத் தட்டுத்தடுமாறிச் சொன்னேன். அந்த நெட்டை மனுசி வாசலில் குந்தியிருந்து, கோடுகளைக் கீழிருந்து மேலே ஒவ்வொன்றாகப் பார்த்தார். தன்னால் எதையும் தீர்மானிக்க முடியாது என்றார். ஆனால் அடுத்த நாளிலிருந்து கிழமைக்கு ஒருதரம் கோபன்ஹேகனுக்கு ரெலிபோன் எடுத்துத் துளசியின் கோப்பு எங்கே என்று கேட்கத் தொடங்கினார்.

இனி அந்தச் சைவக்காரர் இறைச்சி சமைத்த விதத்தைச் சொல்லவேண்டும். எனக்கு இப்போதும் அதை நினைத்தால் கைகட்டி நிற்கத்தான் தோன்றுகிறது.

ஞாயிறு காலை தலைமுழுகுவார். குசினியில் மாட்டியிருந்த பிள்ளையார் படத்தைக் கும்பிட்டு, அதைக் கழற்றிக்கொண்டுபோய் அடுத்த அறையில் வைத்துவிட்டு வருவார். அதற்குப் பிறகுதான் இறைச்சிப் பொதியை அவிழ்ப்பது. எல்லாம் முடிந்து, சட்டி பானை கழுவி, தரை துடைத்து, மறுபடி தலைமுழுகி, பிள்ளையாரைத் திரும்பக் கூட்டிவந்து மாட்டுவார். பிள்ளையார் அந்த வருடத்தில் அதிகம் பிரயாணம் செய்தார்.

அரைத்த இறைச்சியில் பாதி பன்றி, பாதி மாடு என்று செய்முறையில் இருந்தது. "அண்ணை, மாட்டை விட்டிட்டு மற்றதை மட்டும் போட்டால் என்ன?" என்று மெல்லக் கேட்டேன்.

"செய்முறையும் பாலத்துப் படம் மாதிரித்தான். படத்திலை பாதி எண்டு கிடந்தால் பாதிதான். அதை மாத்த நான் ஆர்?"

நானும் அதுவரை மாட்டிறைச்சி தின்றதில்லை. அவர் அதைக் கையால் பிசைவதைப் பார்த்த பிறகு, தின்பது ஒரு பெரிய விசயமாக எனக்குப் படவில்லை.

முதல் ஞாயிறு பிழைத்துப்போனது. எங்களுக்குத் தெரிந்த உருண்டை எள்ளுருண்டைதான். அண்ணை அந்தப் பழக்கத்தில் இறைச்சியை இறுக்கிப் பொத்திப் பிடித்து உருட்டிவிட்டார். முப்பது மில்லிமீற்றர் விட்டம், ஒவ்வொன்றும் இடுக்கியில் வைத்துப் பார்த்தது, ஒன்றுகூடப் பிசகில்லை. ஒன்று கைதவறி நிலத்தில் விழுந்தது. கீழ்வீட்டுக்காரர் மேலே வந்து என்ன சத்தம் என்று கேட்டார். சாப்பிட்டுப் பார்க்கக் கூப்பிட்டிருந்த கிர்ஸ்ரன் நெடுநேரம் மென்றார். இரண்டு கிளாஸ் தண்ணீர் குடித்தார்.

"பத்துக்கு எத்தனை?" என்று அண்ணை கேட்டார்.

வேறு நாட்டவர் என்றால் ஏழு எட்டு என்று சொல்லியிருப்பார்கள். கிர்ஸ்ரன் டெனிஷ்காரி. மூன்று என்றார்.

அண்ணை கொப்பியில் மூன்று என்று எழுதினார். அடுத்த ஞாயிறு மறுபடி தொடங்கினார். பாண்தூளைப் பாலில் ஊறவைத்து, வெங்காயத்தை நுணுக்கி வெண்ணெயில் வதக்கி, முட்டை, வெள்ளை மிளகுத்தூள், பிறகு கறுவாவும் கராம்பும் சாதிக்காயும் ஒன்றாய்ச் சேர்ந்தாற்போல மணக்கும் ஒரு மிளகு. எல்லாம் தராசில் நிறுத்து. கையை ஈரமாக்கிக்கொண்டு, குருவிக்குஞ்சைப் பிடிப்பதுபோல நோகாமல் உருட்டப் பழகினார். பொரிக்கும்போது கரண்டி படக்கூடாது. தாச்சியைச் சுழற்றிச் சுழற்றி ஆட்ட, இருபத்துநாலு உருண்டையும் தானாக உருண்டு சுற்றிவர ஒரே நிறமாகும். நான் ஊரில் தேர் பார்த்திருக்கிறேன், திருவிழா பார்த்திருக்கிறேன். அந்தத் தாச்சி சுழன்றதை வாய் பிளந்து பார்த்ததுபோல வேறொன்றையும் பார்க்கவில்லை.

பிறகு சோஸ். உருண்டைகளை எடுத்துவிட்டு, தாச்சியில் ஒட்டியதைச் சுரண்டி, மா தூவி, சூப்புக்கட்டி கரைத்த தண்ணீர் ஊற்றி, கிரீம் விட்டுக் காய்ச்சுவது. பதம் பார்க்க நாக்கு இல்லை. அதனால் கரண்டியின் முதுகில் சோஸைப் பூசி, விரலால் நடுவே ஒரு கோடு இழுத்து, அந்தக் கோடு எத்தனை செக்கனுக்கு மூடாமல் நிற்கிறது என்று மணிக்கூட்டைப் பார்ப்பார். ஏழு செக்கன் நின்றால் இறக்குவார். ஆறுக்கு இறக்கி நான் பார்க்கவில்லை.

தொட்டுக்கொள்ளச் சிவப்புப் பழ ஜாம் வைக்கவேண்டும் என்றதும் சேவியர் கலங்கிப்போனான். "இறைச்சிக்கு ஜாமா மனே? இவங்களுக்கு நல்லது கெட்டது சொல்ல வீட்டில ஒருத்தரும் இல்லையா?" என்று என்னிடம் கேட்டான். ஒருநாள் அண்ணை குளிக்கப் போன நேரம் பார்த்து, அவன் மிளகாய்த்தூள் ரின்னைத் திறந்தான். மூடியின் சத்தம் குளியலறைக்குக் கேட்டது. "சேவியர், கையை எடும்" என்று உள்ளேயிருந்து வந்த குரலுக்கு அவன் ரின்னைப் போட்டுவிட்டுப் பல்கனிக்குப் போய் நின்றுவிட்டான்.

எனக்குக் கொடுக்கப்பட்ட பொறுப்பு உப்பு. சோஸ் இறக்கியதும் என்னைக் கூப்பிட்டு, "தம்பி, உப்பு சரியோ?" என்று கேட்பார். உப்பு கொஞ்சம் கூடுதல்தான். செய்முறையில் இருந்த கிராம் கணக்குப்படி அவர் போடுவார்; வெண்ணெயிலும் சூப்புக்கட்டியிலும் ஏற்கெனவே உப்பு இருப்பதை வாயில் வைத்துப் பார்க்காத மனிதருக்கு எப்படித் தெரியும். ஆனால் விடியத் தலைமுழுகி, சாமியை இடம்மாற்றி, ஆகாத ஒன்றைக் கையால் பிசைந்து, மகள் வளரவேண்டும் என்று நிற்கும் ஒருவரிடம் உப்புக் கூட என்று எப்படிச் சொல்வது? "சரி அண்ணை" என்றேன். அடுத்த ஞாயிறும் அதையே சொன்னேன். பிறகு மாற்றிச் சொல்லவும் வழியில்லாமல் போய்விட்டது.

கிர்ஸ்ரன் ஐந்து தந்தார், ஏழு தந்தார். ஒரு ஞாயிறு கண்ணை மூடிக்கொண்டு தின்றுவிட்டு ஒன்பது என்றார். மிச்சம் ஒன்று எங்கே என்று அண்ணை கேட்டார். அது தன் அம்மாவுக்கு என்று கிர்ஸ்ரன் சொன்னார். அண்ணை அதை ஏற்றுக்கொண்டார்.

விசயம் மெல்ல வெளியே கசிந்து, பத்திரிகைகள் கேள்வி கேட்கத் தொடங்க, கோபன்ஹேகன் அலுமாரிகள் திறபட்டன. ஒரு நாள் கிர்ஸ்ரன் படிகளில் ஓடிவந்தார். மூன்றாம் மாடிக்கு அவர் ஓடிவந்தது அந்த ஒருமுறைதான். கடிதத்தை வாசிக்கவேண்டிய தேவை இருக்கவில்லை, முகத்திலேயே எழுதியிருந்தது. அண்ணை கதிரையில் இருந்துகொண்டு, "எத்தினை மணிக்கு வருகினம்?" என்று மட்டும் கேட்டார். ரிக்கெற்றே போடாத பயணத்துக்கு நேரம் கேட்ட அவரைப் பார்த்து நாங்கள் சிரிக்கவில்லை.

அவர்கள் வந்த நாளில் அண்ணை விடியவே உருட்டிப் பொரித்து வைத்துவிட்டு விமான நிலையத்துக்குப் போனார். நானும் சேவியரும் உருளைக்கிழங்கைச் சூடாறாமல் காவல் காத்தோம். கிர்ஸ்ரன் சின்னக் கடதாசிக் கொடியொன்றோடு வந்து நின்றார். இந்த நாட்டில் மனம் நிறைந்தால் கொடி பிடிப்பார்கள். பின்னேரம் கதவு திறந்தது. அக்கா ஒரு பெட்டியோடு நின்றார். பக்கத்தில் பெரிய குளிர்ச்சட்டைக்குள் தொப்பியோடு ஒரு பிள்ளை. பிள்ளை என்று நாங்கள் நினைத்து வைத்திருந்த உருவத்தைவிட அது பெரிதாக இருந்தது.

"சப்பாத்தைக் கழட்டம்மா. அடி இருபது மில்லிமீற்றர் வரும்" என்றார் அண்ணை.

மூன்று வருடத்துக்குப் பிறகு வீட்டுக்குள் வந்த பிள்ளையை நேரே கதவு நிலைக்குத்தான் கூட்டிக்கொண்டு போனார். தொப்பியைக் கழற்றி, தலையில் மூலைமட்டத்தை வைத்து, பென்சிலால் கோடு போட்டார். துளசி விலகி நின்றாள்.

கடைசி நூலின் கோடு கீழே நின்றது. புதுக்கோடு அதற்கு நாலு விரற்கடைக்கும் மேலே நின்றது.

அண்ணை இடுக்கியை எடுத்து இரண்டு கோட்டுக்கும் இடையில் வைத்தார். துடைத்துவிட்டு மறுபடி வைத்தார். மூன்றாம் முறையும் வைத்தார். "தொண்ணூற்றேழு" என்றார். பிறகு திரும்பி மனைவியைப் பார்த்தார்.

அக்கா பெட்டியைக் கீழே வைக்கவில்லை. "முதல் ரெண்டு நூலும் சரியாத்தான் வெட்டினனான்" என்றார். "அதுக்கு நீங்கள் எழுதின கடிதத்திலை, 'நான் பாக்காமலே பிள்ளை வளருது' எண்டு எழுதியிருந்தனியள். அந்த இடத்திலை மை ஊறிக் கிடந்தது. அதுக்குப் பிறகு எனக்கு முழுசா வெட்ட மனம் வரேல்லை. கொஞ்சம் கொஞ்சம் குறைச்சு வெட்டினன்."

அண்ணை பாணில் அரை மில்லிமீற்றர் பிசகைப் பொறுக்காத மனிதர். மூன்று வருடம் அந்தக் கோடுகளை நம்பி உருகியவர்.

அவர் மகளின் தலையில் கையை வைத்தார். "பிள்ளை வளந்திருக்கு" என்றார். "வளந்திருக்கு" என்று மறுபடியும் சொன்னார். அப்புறம் கதவு நிலையில் நெற்றியை வைத்துக்கொண்டு அழுதார். எனக்கு அந்த அக்காவைக் கையெடுத்துக் கும்பிடவேண்டும் போல இருந்தது.

எங்களைக் காப்பாற்றியது துளசியின் பசி. மேசையில் இருந்த தட்டைப் பார்த்து, "அப்பா, இது என்ன?" என்றாள்.

"இறைச்சி உருண்டை அம்மா. உனக்குத்தான்."

"நாங்கள் சைவமெல்லோ?"

"இதைச் சாப்பிட்டால் இந்த அன்ரி மாதிரி வரலாம்."

துளசி கிர்ஸ்ரனைக் காலிலிருந்து தலைவரை பார்த்தாள். பார்த்து முடிய நேரம் எடுத்தது. பிறகு அப்பாவிடம் திரும்பி, "நீங்கள் சாப்பிட்டால் நானும் சாப்பிடுறன்" என்றாள்.

அக்கா திடுக்கிட்டுக் கணவரைப் பார்த்தார். அண்ணை எழுந்தார். அடுத்த அறைக்குப் போய், பிள்ளையார் இருந்த அறைக் கதவை மெதுவாகச் சாத்திவிட்டு வந்து இருந்தார். ஓர் உருண்டையை முள்ளுக்கரண்டியில் எடுத்து, சோஸில் தோய்த்து, முழுதாக வாயில் வைத்தார். கண்ணை மூடி மென்றார். நூற்றுக்கணக்கில் உருட்டியவர் முதன்முதலாகத் தின்றார். விழுங்கினார்.

"உப்பு ஒரு கிராம் கூடிப்போச்சு" என்றார்.

கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தார். "இவ்வளவு நாளும் சரியெண்டெல்லோ சொன்னனீர், தம்பி?"

"ஓம் அண்ணை."

என்னைப் பார்த்தார், மனைவியைப் பார்த்தார், கதவு நிலையைப் பார்த்தார். அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவர் வாய்விட்டுச் சிரித்து நாங்கள் அன்றுதான் கேட்டோம். துளசி ஆறு உருண்டை சாப்பிட்டாள்.

பிறகு அவர்கள் பக்கத்து ஊரான கோல்டிங்கில் வீடெடுத்துப் போனார்கள். துளசி கிர்ஸ்ரனின் உயரத்தை எட்டவில்லை; எவ்வளவு குறைவு என்று அண்ணையிடம் கேட்டால் சொல்வார். நான் இப்போது என் பிள்ளைகளுக்கு அந்த உருண்டையைச் செய்து கொடுக்கிறேன். தாச்சியைச் சுழற்ற எனக்கு வராது, சோஸும் ஐந்து செக்கனுக்கு மேல் நிற்பதில்லை. ஆனால் உப்பை மட்டும் தராசில் நிறுத்து எடுத்து, ஒரு கிராம் கூடுதலாகப் போடுகிறேன்.